விடைக்குறிப்பில் ஐந்து

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும்
சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில்
எங்கள் கணித மன்றம்.
பதிவேட்டில் பத்தொன்பது பேர்.
தக்காளி விலை இறங்கினால் பத்தொன்பதும் வரும்.
ஏறினால் பாதி தோட்டத்துக்குப் போய்விடும்,
பறிக்க ஆள் வேண்டுமே.
எதிர்விகிதத்துக்கு
இதைவிட நல்ல உதாரணம்
ராயக்கோட்டைப் பக்கம் யாருக்கும் தேவையில்லை.

சரியான விடைக்குக் கடலை மிட்டாய் என்று விதி.
தப்பாகச் சொன்னாலும் கொடுத்துவிடுவேன்.
"அப்புறம் பரிசுக்கு என்ன டீச்சர் மதிப்பு?"
மாதேஷ் கேட்டான்,
இரண்டாவதைக் கடித்தபடி.

முனிரத்னா தெலுங்கில் எண்ணி
தமிழில் விடை சொல்லுவாள்.
இரண்டுக்கும் நடுவே
உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி.
ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேரைக் கூட்டிப்போனேன்.
ஏதோ ஒரு பெரிய பள்ளியின் மண்டபம்.
மேலே பதினாறு மின்விசிறிகள்.
அதை முதலில் எண்ணிவிட்டுத்தான்
அப்ரோஸ் உட்கார்ந்தான்.

பதினான்காவது கேள்வி:
ஒன்று முதல் இருபத்தைந்து வரை
எல்லா எண்களையும் பெருக்கினால்
கடைசியில் எத்தனை பூஜ்ஜியங்கள்?

விடைக்குறிப்பில் ஐந்து.
முனிரத்னா எழுதியது ஆறு.
ஒரு மதிப்பெண்ணில் நான்காமிடம்.
பரிசு மூன்று வரைதான்.

நானும் தாழ்வாரத்தில் நின்றபடி
விரல்விட்டுப் பார்த்திருந்தேன்:
ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து.
ஐந்தேதான்.
அவசரப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.
வாதாட அல்ல,
தேற்றத்தான் அவள் பக்கத்தில் போனேன்.

தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
"இருபத்தஞ்சுக்குள்ள ரெண்டு அஞ்சு இருக்கு டீச்சர்.
ஒண்ணு வெளிய தெரியுது.
இன்னொண்ணு உள்ள இருக்கு."

திரும்ப மாடி ஏறினேன்.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
நடுவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.
அலைபேசியில் பெருக்கியும் பார்த்தார்.
பாதி வழியில் அது
ஒரு புள்ளியும் ஏதோ எழுத்தும் காட்டி
ஒதுங்கிக்கொண்டது.
"குறிப்பு அச்சாகி வந்ததுங்க மேடம்.
முடிவுத்தாளில் கையெழுத்தும் ஆயிடுச்சு."

திரும்பும் பஸ்ஸில் மாதேஷ்தான் ஆரம்பித்தான்,
நம்பாதவன் அவன்தான்.
பங்கேற்புச் சான்றிதழைக் கவிழ்த்துப் போட்டு
ஐந்துக்கு இரண்டையும்
பதினைந்துக்கு ஆறையும்
இருபத்தைந்துக்கு நாலையும் ஜோடி சேர்த்தார்கள்.
பத்தும் இருபதும் ஏற்கெனவே சேர்ந்தே வந்தவை.
ஆறு பூஜ்ஜியங்கள் ஓரமாய் நின்றன.
அதோடு விட்டிருக்கலாம்.
மீதியையும் பெருக்கினால்தான் ஆச்சு என்றான்.
பள்ளம் வரும்போதெல்லாம் பேனா தூக்கி,
மூன்று சான்றிதழ்களின் முதுகு நிறைய,
டிக்கெட் கேட்ட நடத்துனரையும் காக்கவைத்து,
இருபத்தாறு இலக்கத்தில் ஓர் எண்
ராயக்கோட்டை வருவதற்குள் வந்து சேர்ந்தது.
ஒரு நான்குக்குப் பின்னால் ஆறு பூஜ்ஜியங்கள்.

முன்பக்கத்தில் அவள் பெயர்
'முனிரத்தினம்' என்றிருந்தது.
அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன்,
பெருக்கலை நகலெடுத்து இணைத்து.
இதுவரை பதில் இல்லை.

அடுத்த வெள்ளி தக்காளி விலை ஏறியிருந்தது.
ஒன்பது பேர்தான்.
பலகையில் கேள்வியை எழுதி
கீழே 'ஐந்து' என்று எழுதி
அதன் பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன்.
கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்,
மிட்டாய் எனக்கும் ஒன்று உண்டென்று தீர்ப்பானது.

ஐந்தேகால் பஸ்
வளைவில் ஹாரன் அடித்தது.
எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.
முனிரத்னா மட்டும் வாசலில் நின்றாள்,
உதடு அசைந்துகொண்டிருந்தது.

"நூத்தி இருபத்தஞ்சுல
மூணு பேர் இருப்பாங்க,
இல்ல டீச்சர்?"